பணம், வேலை, சொத்து: வேதாகமத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பது வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணுகிற நாலு பேரில் ஒருவன். அதனாலோ என்னவோ, சபையில் யாருக்குப் பணம் சம்பந்தமாகச் சந்தேகம் வந்தாலும் போதகரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. வசனங்கள் பழைய திருப்புதலில் உள்ளபடி. கத்தோலிக்க நண்பர்களின் விவிலியத்தில் சொற்கள் மாறியிருக்கும், அதிகார எண்கள் பெரும்பாலும் அவையேதான்.

பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிளில் இருக்கிறதே?

இல்லை. 1 தீமோத்தேயு 6:10-ல் இருப்பது "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்பது. ஆசையை விழுங்கிவிட்டுச் சொன்னால், சட்டைப்பை காலியாக இருப்பவன் தனக்கும் இந்த வசனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்வான். காலிப் பையிலும் பண ஆசை இருக்கும். அதே அதிகாரத்தில் ஏழு வசனம் தள்ளிப் பணக்காரர்களுக்குப் பவுல் சொல்வதைப் பாருங்கள். தூக்கி எறி என்று சொல்லவில்லை; பெருமைப்படாதே, நிலையில்லாததை நம்பாதே, தாராளமாகக் கொடு என்கிறார்.

இயேசுவின் பேச்சு இதைவிடக் கறார். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" (மத்தேயு 6:24). தமிழில் உலகப்பொருள் என்று வருவது மூலத்தில் மாமோன் என்ற அரமேயச் சொல். அந்த வசனத்தில் அது ஒரு எஜமானின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, எவ்வளவு இருந்தால் போதும்?

நீதிமொழிகள் 30-ல் ஆகூர் என்பவரின் ஜெபம் ஒன்று இருக்கிறது. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்." காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார்: நிறைய வந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், ஒன்றுமில்லாமல் போனால் திருடிவிடுவேன். தன் பலவீனத்தை இவ்வளவு சரியாகக் கணக்கெடுத்த ஆள் அபூர்வம்.

எபிரேயத்தில் அது "எனக்கு விதிக்கப்பட்ட அப்பம்". தமிழில் மொழிபெயர்த்தவர்கள் "படி" என்று போட்டார்கள். நல்ல தேர்வு. அளக்கிற பாத்திரமும் படிதான், அன்றாடம் கிடைக்கிற பங்கும் படிதான்; அரசு ஊழியர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பஞ்சப்படியில் இருப்பதும் அதே படி. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது படியில் அரிசியைத் தலைதட்டி அளப்பாள். பானையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசி. மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். அரிசி தட்டுப்பட்ட நாட்களில் அந்தப் பிடி சின்னதாகும். நின்றுபோய் நான் பார்த்ததில்லை. கலயத்தை யாரும் நிறுத்துப் பார்த்ததும் இல்லை.

கடன் வாங்குவது பாவமா?

பாவம் என்று எங்கேயும் இல்லை. ஆபத்து என்று இருக்கிறது. "கடன் வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை" (நீதிமொழிகள் 22:7). அன்றைக்கு இது உவமை கிடையாது. கட்டமுடியாதவனின் பிள்ளைகளை நிஜமாகவே அடிமைகளாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். 2 இராஜாக்கள் 4-ல் எலிசாவிடம் ஓடிவருகிற விதவைக்கு அதுதான் பிரச்சினை. எண்ணெய் பெருகியது என்ற அற்புதத்தை எல்லாரும் சொல்வார்கள். எலிசா அடுத்துச் சொன்னது எனக்கு முக்கியம்: எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள்.

ரோமர் 13:8-ஐக் காட்டி வீட்டுக்கடனே கூடாது என்பவர்கள் உண்டு. "அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்ற அந்த வசனத்துக்கு முந்தின வசனம், வரி செலுத்தவேண்டியவனுக்கு வரியைச் செலுத்து என்கிறது. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருக்காதே என்பதுதான் அங்கே ஓடும் பேச்சு என்று நான் வாசிக்கிறேன். சங்கீதம் 37:21-ல் துன்மார்க்கனுக்கு அடையாளம் கடன் வாங்குவது இல்லை, வாங்கிச் செலுத்தாமற்போவது.

என் மேசைக்கு வந்த கடன்களில், குடும்பத்தை நொறுக்கியவை பெரும்பாலும் கல்யாணக் கடனும் சடங்குக் கடனும்தான். வேதத்தில் அதற்குத் தனி வசனம் கிடையாது.

வட்டி வாங்கலாமா? வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டி?

யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36, உபாகமம் 23:19. மூன்று இடத்திலும் வட்டி வாங்காதே என்றுதான் இருக்கிறது. எபிரேயத்தில் வட்டிக்கு உள்ள ஒரு சொல்லின் வேர் "கடித்தல்". கந்துவட்டிக்காரரிடம் மாட்டியவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டங்களில் கடன் வாங்க வருகிறவர் யார் என்று பாருங்கள். கையிளைத்துப்போன சகோதரன், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வருகிறவன். முதலீடு போட வருகிற வியாபாரி இல்லை. அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று உபாகமமே அடுத்த வசனத்தில் விடுகிறது. தாலந்து உவமையின் எஜமான், பணத்தைக் காசுக்காரர் வசம் போட்டிருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே என்று கேட்கிறார் (மத்தேயு 25:27). சபை வரலாறு ரொம்பக் கடுமையாகவே இருந்தது: 1179-ல் ரோமில் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்பவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கமே கூடாது என்று தீர்மானித்தது. இன்றைக்கு வங்கிச் சேமிப்பின் வட்டியை யாரும் அந்தக் கணக்கில் வைப்பதில்லை, நானும் வைக்கவில்லை. வைத்தால் என் ஓய்வூதியமே ஆட்டம் கண்டுவிடும்.

நெகேமியா 5-ஐ உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். பஞ்சம். வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்குகிறார்கள். பெர்சிய ராஜாவுக்குத் தீர்வை கட்டத் தனிக் கடன். கடைசியில் பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள், வாங்குவது சொந்த யூத ஜனமே. வட்டி "நூற்றுக்கொன்று வீதம்". அது மாதக் கணக்கு என்று கொண்டால் நம்ம ஊர் பேச்சில் "ஒரு வட்டி". தமிழ்நாட்டில் 2003-ல் அதிக வட்டி வசூலுக்குத் தடைச் சட்டம் வந்த பிறகும் சந்தையில் மூன்று வட்டி, ஐந்து வட்டி, மீட்டர் வட்டி என்று ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு நெகேமியா காலத்து விகிதம் தர்மமாகவே தோன்றும். யூதேயாவுக்கு அதிபதியாயிருந்த நெகேமியா அதையும் பொறுக்கவில்லை. நானும் என் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று முதலில் தன்னையே சேர்த்துக்கொள்கிறார். பிறகு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சத்தியம் வாங்குகிறார். வாங்கியதும் எல்லார் முன்னிலையிலும் தன் மடியை உதறுகிறார்: சொன்னதைச் செய்யாதவனைத் தேவன் இப்படி உதறிப்போடட்டும். மடியில் காசு முடிந்து வைத்துப் பழகிய நம் ஆட்களுக்கு அந்தச் சைகை உடனே புரியும்.

கொடுத்த கடனை எப்படித் திரும்பக் கேட்பது?

இதற்கு உபாகமம் 24 போல ஒரு அதிகாரம் கிடையாது. வசூலுக்குப் போகும் ஒவ்வொருவரும் படிக்கலாம். அடகுப்பொருள் வாங்கப் போனால் அவன் வீட்டுக்குள் நுழையாதே. வெளியே நில், அவனே எடுத்துக்கொண்டு வருவான் (வசனம் 10, 11). திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவது போல (வசனம் 6). ஏழையின் போர்வையை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அதைப் போர்த்துக்கொண்டுதான் அவன் படுக்கவேண்டும் (வசனம் 13).

இது ஏட்டில் மட்டும் இருந்த விஷயம் இல்லை என்று நினைக்க ஒரு மண்பாண்டத் துண்டு இருக்கிறது. மத்தியதரைக் கடலோரம், மெசாத் ஹஷவ்யாகு என்று இன்று அழைக்கப்படும் சிறு கோட்டையில் 1960-ல் கிடைத்தது, கி.மு. 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக்காரன் ஒருவனின் மனு அது. என் பங்கு அறுப்பை முடித்துவிட்டேன், ஆனாலும் சோபாயின் மகன் ஓசாயா என் உடையை எடுத்துக்கொண்டான், என்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், என் உடையைத் திருப்பித் தரச்சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சுகிறான். மோசேயின் சட்டத்தில் வரும் போர்வையை அறிஞர்கள் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். திரும்பக் கிடைத்ததா என்று அந்தத் துண்டில் இல்லை.

தவணை தவறினால் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் வசூல்காரர்களையும், கைபேசியில் உள்ள உறவினர்களுக்கெல்லாம் படம் அனுப்பும் கடன் செயலிகளையும் நினைத்துக்கொண்டு அந்தப் பத்தாம் வசனத்தை இன்னொரு முறை வாசிக்கலாம்.

உறவுக்காரர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

நீதிமொழிகள் இந்த விஷயத்தில் இரக்கமே காட்டுவதில்லை. 6:1-ல் "பிணைப்பட்டு", "கையடித்துக் கொடுத்தாயானால்" என்று வருகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் கை பிடித்து விலை முடிக்கிறவர்களைப் பார்த்திருந்தால் அந்தக் கையடி தெரியும். மாட்டிக்கொண்டால் தூங்காதே, போய்க் காலில் விழுந்தாவது விடுவித்துக்கொள், வேடன் கையிலிருந்து மான் தப்புவது போலத் தப்பு என்கிறது. 22:27-ல் ஒருபடி மேலே: கட்ட ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துப்போவானே.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கினவரின் பொறுப்பும் சமம். முதலில் அவரைக் கேள், அவரிடம் இல்லையென்றால் என்னிடம் வா என்று ஜாமீன்தாரர் சொல்லமுடியாது. கையெழுத்துப் போடும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது தெரியாமல்தான் நான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியர், அக்கா புருஷன் லாரி வாங்கப் போட்டுக்கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துச் சம்பளப் பிடித்தம் ஆரம்பித்தபோது என் மேசைக்கு முன் வந்து நின்றார். "நான் ஒரு ரூபாய்கூட வாங்கலையே சார். அத்தான் போனை எடுக்கிறதில்லை." கையெழுத்தைக் காட்டினேன். அவருடைய பச்சை மை, அழகான ஆசிரியர் கையெழுத்து.

அப்படியானால் போடவே கூடாதா? பென்யமீனுக்காக யூதா தானே பிணையாக நிற்கிறான் (ஆதியாகமம் 43:9). எபிரெயர் 7:22-ல் இயேசுவுக்கே "பிணையாளி" என்ற பெயர். இருவருமே கட்டவேண்டிவரும் என்று தெரிந்து நின்றவர்கள். நான் சொல்வது இதுதான்: முழுத் தொகையையும் நீங்களே கட்டத் தயாரா? தயார் என்றால் போடுங்கள். இல்லையென்றால், முடிந்ததைக் கையில் கொடுத்துவிட்டு, திரும்ப வராது என்று மறந்துவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள். பிடித்தம் வந்த பிறகு வரும் கோபத்தைவிட அது சின்னது.

தசமபாகம் கட்டாயமா? மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். இரண்டாம் பாதிக்கு வேதத்தில் பதிலே இல்லை, ஏனென்றால் அங்கே சம்பளச் சீட்டு இல்லை. தானியம், திராட்சரசம், எண்ணெய், மந்தை.

முதல் பாதிக்கு, தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, முழுவதும் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10-ஐ மட்டும் வாசித்தால் போதாது. எண்ணாகமம் 18-ல் தசமபாகம், ஆலய ஊழியம் செய்த, நிலமில்லாத லேவியருக்கு. உபாகமம் 14-ல் அது விருந்து: கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிடவேண்டும். தூரமானால் விற்றுப் பணமாக்கிக்கொண்டு போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கலாம். அந்தப் பட்டியலில் மதுபானமும் உண்டு, அந்த வசனத்தில் பிரசங்கம் நான் கேட்டதில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஊர்வாசலிலேயே வைக்கப்படும். லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவார்கள். இதைத் தசமபாகம் கேட்கும் எத்தனை இடத்தில் சொல்கிறார்கள்?

இயேசு அதைப்பற்றிப் பேசுவது மத்தேயு 23:23-ல். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார். ஒற்தலாம் வேறொன்றுமில்லை, புதினா. புதினாக் கட்டைப் பத்தாகப் பிரிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அதையும் விடாமல் இதையும் செய்திருக்கவேண்டும் என்று முடிக்கிறார், ஆகவே கொடுக்காதே என்று இங்கே இல்லை. பவுலோ கொரிந்தியருக்கு இரண்டு முழு அதிகாரம் பணம் சேர்ப்பது பற்றி எழுதியும் பத்தில் ஒன்று என்ற பேச்சே எடுக்கவில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" (2 கொரிந்தியர் 9:7).

பத்தில் ஒன்று நல்ல பழக்கம், நானும் வைத்திருக்கிறேன். யாரையும் கொடுக்காததற்காகச் சபிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு வருமா?

மாற்கு 10:30-ல் நூறத்தனை உண்டு. அதே வரியில் "துன்பங்களோடேகூட" என்றும் உண்டு. முழு வசனத்தையும் வாசிக்காதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஏழை விதவை எல்லாவற்றையும் போட்டாளே, நாம் ஏன் கணக்குப் பார்க்கவேண்டும்?

"ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப் போட்டாள்" (மாற்கு 12:42). துட்டு என்பதே டச்சுக்காரர் கொண்டுவந்த செப்புக்காசின் பெயர். நம் வேதத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோமக் கணக்கில் அது ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் 64-ல் ஒரு பங்கு. நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்தால் பத்து ரூபாய்.

அவளை மெச்சியே எல்லாப் பிரசங்கமும் முடிகிறது. இரண்டு வசனம் முன்னால் போனால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து நீண்ட ஜெபம்பண்ணுகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். இரண்டு வசனம் பின்னால், அந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார். நடுவில் நிற்கும் விதவையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டாரா, வயிறெரிந்தாரா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. பையை எண்ணும்போது பத்துப் பத்தாக மடித்த பழைய ரூபாய்த் தாள் வந்தால், போட்டது எந்தப் பாட்டி என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அவர் வீட்டுக் கூரை ஒழுகுவதும் தெரியும்.

அம்மாவின் மருந்துச் செலவுக்கே சரியாகப் போகிறது. காணிக்கை கொடுக்கமுடியவில்லை.

மருந்தை வாங்குங்கள். பெற்றோருக்குப் போகவேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு மாற்கு 7-ல் கண்டித்ததைப் போல வேறு சிலரைத்தான் கண்டித்திருக்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்கிறது 1 தீமோத்தேயு 5:8.

சபைப் பணத்துக்குக் கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவா?

2 இராஜாக்கள் 12-ல் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தண்டையில் வைக்கிறான். பணம் நிறைந்தால் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணுவார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலயத்து ஆள் ஒருவர். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுலும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடி (2 கொரிந்தியர் 8:19-21). பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் பல ஆயிரத்துக்குப் போகிறது, கை தட்டுகிறோம். அந்த ஆயிரங்கள் எந்தக் கணக்கில் ஏறின என்று கேட்பதும் ஆராதனையின் பகுதிதான்.

வேலை என்பது ஆதாமுக்கு வந்த சாபம்தானே?

வேலை சாபத்துக்கு முந்தியது. ஆதியாகமம் 2:15-லேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாம் வைக்கப்படுகிறான். மூன்றாம் அதிகாரத்தில் வருவது முள்ளும் குருக்கும் வியர்வையும்.

சோம்பேறியை நீதிமொழிகள் கிண்டல் செய்வது போல வேறு யாரையும் செய்வதில்லை. கதவு கீல்முளையில் ஆடுவது போலப் படுக்கையில் ஆடுகிறான். கையைக் கலத்தில் வைத்தவன் வாய்க்குக் கொண்டுபோக வருத்தப்படுகிறான் (26:14, 15). ஆனால் இந்த வசனங்களை வேலை கிடைக்காத பிள்ளைகள் தலையில் போடாதீர்கள். "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவும்கூடாது" (2 தெசலோனிக்கேயர் 3:10) என்பதில் கனமான சொல் "மனதில்லாதிருந்தால்". மத்தேயு 20-ல் சாயங்காலம்வரை சந்தையில் நின்றவர்கள் சொன்ன பதில், ஒருவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்பது. அவர்களுக்கும் முழு நாள் கூலி கிடைத்தது.

மறுபக்கம், இரவு பகல் பாராமல் உழைப்பதும் புண்ணியம் இல்லை. அதிகாலையில் எழுந்து நேரப்பட வேலையில் தரித்திருப்பதை "விருதா" என்கிறது சங்கீதம் 127. தூக்கத்தை அவர் கொடுக்கும் பரிசு என்கிறது. ஓய்வுநாள் சட்டத்திலும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படுகின்றன. நாம் ஆராதனைக்குப் போக வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வந்து பாத்திரம் தேய்த்தால், அந்தச் சட்டத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறோம். அவருடைய கூலியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினால் உபாகமம் 24:15-ஐ வாசிக்கவேயில்லை.

வியாபாரத்தில் சின்னப் பொய் இல்லாமல் முடியுமா?

"கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்வான்" (நீதிமொழிகள் 20:14). பொய் சொல்வது கடைக்காரர் மட்டும் என்று நினைத்திருந்தால் இதைப் பாருங்கள், பேரம் பேசும் நம்மையும் பிடித்துவிட்டது.

நிறைகல் விஷயத்தில் சிரிப்பு இல்லை. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைத்திருக்காதே என்கிறது உபாகமம் 25:13. வாங்க ஒன்று, விற்க ஒன்று. யூதேயா அகழாய்வுகளில் சேக்கல் குறியிட்ட உருண்டைக் கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு சேக்கல் சுமார் 11 கிராம். ஆமோஸ் 8-ல் மரக்காலைக் குறைத்து, சேக்கலைக் கூட்டி, பதரையும் சேர்த்து விற்கிறவர்கள், ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருப்பவர்கள். பக்திமான்கள்தான்.

சேமிப்பும் காப்பீடும் வைத்திருந்தால் தேவனை நம்பவில்லை என்று ஆகுமா?

எறும்பு கோடையில் சேர்க்கிறது. யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒன்றைச் சேர்த்தான். (அந்தத் தானியத்தையே விற்று ஜனங்களின் ஆடுமாட்டையும் நிலத்தையும் பார்வோனுக்கு வாங்கிக்கொடுத்ததும் அவன்தான், ஆதியாகமம் 47-ஐ வாசித்தால் யோசேப்பு கொஞ்சம் சங்கடப்படுத்துவான்.) லூக்கா 12-ன் உவமையில் வரும் ஐசுவரியவான் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்ததில் குற்றமில்லை. அவன் பேச்சைக் கவனியுங்கள்: என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா. பக்கத்து வீடு என்று ஒன்று அவன் ஊரில் இல்லவே இல்லை. காப்பீட்டுத் தவணை கட்டுங்கள், தப்பில்லை.

சீட்டு, லாட்டரி, ஆறு மாதத்தில் இரட்டிப்பு?

"வீணாய்த் தேடின பொருள் குறைந்துபோம், கைப்பாடாய்ச் சேர்த்தவனோ விருத்தியடைவான்" (நீதிமொழிகள் 13:11). தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டு வேறு; அது ஒருவருக்கொருவர் கைமாற்று. இரட்டிப்புத் திட்டத்தை ஜெபத்தோடு ஆரம்பிக்கிறவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் வரவில்லை, இருபதாயிரம் போனது.

ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த சின்ன வாசல்தானே?

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதைப் பற்றிய கேள்வி இது (மத்தேயு 19:24). பழங்காலச் சான்று எதுவும் அப்படியொரு வாசலுக்கு இல்லை. ஒட்டகம் மண்டியிட்டு நுழையும் என்ற கதை பணக்காரர்களுக்கு ஆறுதலாக இருப்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது. யூதர்களின் தல்மூதில் யானை ஊசித்துளையில் நுழைவது நடக்காத காரியத்துக்கு உதாரணமாக வருகிறது. சீஷர்கள் கேட்டு ஆச்சரியப்பட்டதும் அதனால்தான். சின்ன வாசல் என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா? நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோமே?

எண்ணாகமம் 27-ல் ஐந்து சகோதரிகள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். தகப்பன் செலொப்பியாத் மகனில்லாமல் இறந்துபோனான். மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்று எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கர்த்தரிடம் கேட்கிறான். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வருகிறது, சட்டமே மாறுகிறது. மகன் இல்லாதபோதுதான் மகளுக்கு என்ற அளவில்தான் மாறியது, 36-ம் அதிகாரத்தில் கோத்திரத்துக்குள் கல்யாணம் என்று இன்னொரு கட்டும் வந்தது. யோபுவோ மகன்கள் ஏழு பேர் இருக்கும்போதே மூன்று மகள்களுக்கும் சகோதரரோடு சுதந்தரம் கொடுத்தான் (யோபு 42:15).

திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் வந்த வாரிசுச் சட்டம் மகளுக்கு வைத்தது மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-ல் உச்ச நீதிமன்றம் 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் அதில் சம பங்கு. நகை போட்டதைக் கழிக்க அதில் இடமில்லை.

இதை நான் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, "உயில் எழுதிவிட்டால்?" என்று கேட்டார். எழுதலாம் ஐயா, சட்டம் விடுகிறது என்றேன். அவர் மகள் இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தாள், பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.